கடற்கரையைப் பூட்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்க் கடற்கரைக்குப் போகும் பாதையில் சங்கிலி போட்டு, மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை எவரும் அங்கே நிற்கக்கூடாது என்று பலகை நட்டவர்களே,

உங்கள் பெயரையும் பதவியையும் எழுதித்தான் இந்த மடலைத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் பலகையில் பெயர் இல்லை. ஒப்பம் இல்லை, திகதி இல்லை, எந்தச் சட்டத்தின் கீழ் இந்தத் தடை என்பதும் இல்லை. மேலே சிங்களம், நடுவில் ஆங்கிலம், கடைசியில் இரண்டு எழுத்துப்பிழையோடு தமிழ். இது யாருடைய பலகை என்று கேட்டு ஒரு பணிமனைக்குப் போனேன். அவர்கள் அடுத்த பணிமனையைக் காட்டினார்கள். அங்கே கேட்டால், பாதுகாப்புத் தரப்பின் விடயம் என்றார்கள். பாதுகாப்புத் தரப்பிடம் கேட்டால், சிவில் நிர்வாகம் கேட்டுக்கொண்டபடியால் செய்தோம் என்றார்கள். சரி, இன்னாருக்கு என்று முகவரி எழுத முடியாத கடிதத்தை எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதிவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் கரையோரக் கிராமம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவும் ரொக்கெட்டுகளை எங்கள் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கடற்கரையில் நின்று பார்த்து வந்தார்கள். உங்கள் சங்கிலி அதை நிறுத்திவிட்டது. என் முறைப்பாடு அதுதான்.

"இங்கேயிருந்து ரொக்கெட் தெரியுமோ?" என்று உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டு கேட்டார். அவருக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

ஸ்ரீஹரிகோட்டா எங்களிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரம், கிட்டத்தட்ட நேர் வடக்கே. இடையில் இருப்பது பெரும்பாலும் கடல்தான். பூமி வளைந்திருப்பதால், அவ்வளவு தூரத்தில் எழும் ஒரு பொருள் 20 கிலோமீற்றர் உயரத்தைத் தாண்டினால்தான் எங்கள் அடிவானத்துக்கு மேலே வரும். 44 மீற்றர் உயரமும் 320 தொன் எடையும் உள்ள பிஎஸ்எல்வி ரொக்கெட்டுக்கு அந்த உயரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான வேலை. கடலோரப் புகாரையும் சேர்த்து ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டிக்குளம் பக்கம் கையை நீட்டி, அங்கிருந்து கொஞ்சம் வலப்பக்கமாகக் கடலுக்குள் திருப்பினால், அந்த இடத்தில் ஊதுபத்தி நுனியளவில் ஒரு செம்மஞ்சள் புள்ளி தெரியும். முதலில் அது அசைவதே தெரியாது. பிறகு வலப்பக்கமாக ஏறத் தொடங்கும். இரண்டு நிமிடம் ஆகிற கட்டத்தில் முதற்கட்டம் எரிந்து முடிய, புள்ளி மங்கிப்போகும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பிள்ளை "ஐயோ, விழுந்திட்டுது!" என்று கத்தும். விழவில்லை. இரண்டாம் கட்டம் திரவ எரிபொருளில் ஓடுவது, அதன் வெளிச்சம் மெல்லியது. கண் அதற்குப் பழகியதும் புள்ளி மறுபடி அகப்படும். நாலு நிமிடத்துக்குள் அது கிழக்கு வானத்தில், தலையை நிமிர்த்திப் பார்க்கிற உயரத்துக்கு வந்துவிடும். கையை முழுக்க நீட்டி முட்டியைப் பொத்தினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. முட்டிமேல் முட்டியாக அடுக்கி எங்கள் பிள்ளைகள் அதன் உயரத்தை அளப்பார்கள். ஒருவர் நேரம் சொல்ல, ஒருவர் முட்டி எண்ண, இன்னொருவர் டோர்ச்சைச் சிவப்புத் தாளால் மூடிக்கொண்டு கொப்பியில் எழுதுவார். அடுத்த நாள் வகுப்பில் அந்தக் கொப்பியை வைத்து வரைபு கீறுவோம். ஐந்து சதம் செலவில்லாத செய்முறைப் பாடம். ஆய்வுகூடத்தில் ஒழுங்கான ஒரு தராசு இல்லாத பாடசாலைக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதைப் பாடசாலைகளுக்குப் பொறுப்பானவர்களாவது விளங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் நான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லும் விடயம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் அது தெரியவேண்டும். பூமியின் துருவங்களைச் சுற்றிவரும் செய்மதிகளை ஏவுவதற்கு ரொக்கெட் தெற்கு நோக்கிப் போகவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராகப் போனால் கீழே இருப்பது இலங்கை. எரிந்து கழலும் பாகங்கள் சனங்களின் தலையில் விழக்கூடாது. அதனால் பிஎஸ்எல்வி முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலால் போய், எங்கள் தீவைத் தாண்டும் விதமாகப் பாதையை வளைத்துத்தான் தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. கொண்டுபோகக்கூடிய எடையும் அதனால் குறைகிறது. முல்லைத்தீவில் தரம் 10 மாணவி ஒருத்தி இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்களுக்காகத்தானே மிஸ் அது சுத்திப் போகுது?" என்று கேட்டாள். ஆம், எங்களுக்காகத்தான். எங்களுக்காக விலகிப் போகிற ஒன்றை நாங்கள் நின்று பார்க்கத்தான் எங்கள் ஊரில் தடை.

இந்த மண்ணில் வானத்தைப் பார்ப்பது லேசான காரியமாக இருந்ததில்லை. கிபிர் என்ற குண்டுவீச்சு விமானம், பரா லைட் என்ற வெளிச்சக் குண்டு, ஷெல் என்று வானத்திலிருந்து வந்தவற்றின் பெயர்களைச் சொல்லித்தான் எங்கள் வயதுக்காரர் காலத்தைக் கணக்கு வைக்கிறோம். 2022 பெப்ரவரி 14 காலை 5:59க்கு பிஎஸ்எல்வி சி52 ஏவப்பட்டது. இங்கே இருள் முழுதாகக் கலையவில்லை. ஆனால் ரொக்கெட் போன உயரத்தில் வெயில் வந்துவிட்டது. கீழே கருக்கல், மேலே அதன் புகை வெள்ளை வெளேரென்று விரிந்துகொண்டு போகிறது. எங்கள் ஒழுங்கையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, பேரப்பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். நான் போய் விளங்கப்படுத்தினேன். "சத்தம் வரேல்லையே பிள்ளை, அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது" என்றார். 500 கிலோமீற்றர் தூரத்துச் சத்தம் இங்கே வராது என்று சொன்னேன். நம்பினாரோ தெரியாது.

அதே ஆண்டு ஒக்டோபர் 23, நள்ளிரவு தாண்டி 12:07க்கு எல்விஎம்3 ரொக்கெட் 36 செய்மதிகளோடு போனது. தீபாவளிக்கு முதல் நாள் அது. இந்த முறை ஊருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். கோயில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், பங்குத்தந்தை பூசை முடியச் சொன்னார். அந்த அம்மா பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு, பேரப்பிள்ளையோடு கடற்கரைக்கு வந்தார். மேகங்களுக்கிடையில் விட்டு விட்டுத்தான் தெரிந்தது. அப்படியிருந்தும் பார்த்துவிட்டு, "இப்ப இது எங்கை போய் நிக்கும்?" என்று கேட்டார். பிள்ளைகள் நான் நீ என்று பதில் சொன்னார்கள். வானத்தைக் கண்டு ஓடிய ஒருவரை எட்டு மாதத்தில் கதிரை போட்டு இருந்து பார்க்க வைத்தது எங்கள் ஊர்ச் சனம். அதற்கு எந்தத் திணைக்களமும் காசு தரவில்லை. உங்களிடம் நாங்கள் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகுதான் சங்கிலி வந்தது.

2024 டிசம்பர் 30 இரவு. இரண்டு செய்மதிகளை விண்வெளியில் ஒன்றோடொன்று இணைக்கும் பரிசோதனைக்காக பிஎஸ்எல்வி சி60 ஏவப்பட இருந்தது. 9:58 என்று சொன்ன நேரத்தை 10 மணிக்கு மாற்றியிருந்தார்கள். தென்கிழக்கு நோக்கிய பாதை என்பதால் எங்கள் கரைக்கு வாய்ப்பான ஏவுதல். பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பல பெற்றோரும் கூடவே வர, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் இளம் பெடியன், மரியாதையாகத்தான் கதைத்தார். "மிஸ், ஓடர். எனக்கு ஒண்டும் செய்யேலாது" என்றார். நான் கடிதத்தைக் காட்டினேன். அவர் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வேறு இருவர் வந்தார்கள். நின்றவர்கள் எல்லாரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இல்லாததால் தகப்பன் பெயர், தகப்பன் என்ன வேலை, வீடு எங்கே என்று கேட்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்ற கேள்வியும் வந்தது. அந்த அம்மாவின் இலக்கத்தையும் எழுதினார்கள். அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒப்புவித்தார்.

ரொக்கெட் பத்து மணிக்குப் போனது. நாங்கள் அப்போது வீடுகளுக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தோம், மரங்களுக்குக் கீழே. அன்று கடலுக்கு மேல் மேகம் இருந்ததா, தெரிந்திருக்குமா என்பதைக்கூட எங்கள் கண்ணால் பார்த்து அறிய நீங்கள் விடவில்லை.

வன்னியில் பெயர் எழுதுவது என்றால் என்ன என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்கடுத்த முறை நான் கடிதம் கொடுத்தபோது பாதிப் பெற்றோர் கையொப்பம் வைக்கவில்லை. "ரீச்சர், குறை நினையாதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள். நான் ஒருவரையும் குறை நினைக்கவில்லை. அந்த அம்மா இப்போது வருவதில்லை. நீங்கள் தடுத்தது ஓர் இரவை மட்டும் என்றால் நான் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன்.

2025 ஜனவரி 29 காலை 6:23க்கு ஜிஎஸ்எல்வி எஃப்15 ரொக்கெட் போனது. ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதல். உங்கள் பலகையின்படியே பார்த்தாலும் 6 மணிக்குச் சங்கிலி கழன்றிருக்க வேண்டும். திறப்பு வைத்திருப்பவர் வந்தபோது ஏழு மணி. கருவாட்டுக் கூடையோடு நின்ற பெண்களும் எங்களோடு சேர்ந்து காத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ரொக்கெட் இல்லை, வியாபாரம் போனது.

அதன் பிறகு மே 18. அந்த நாளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அன்று காலை 5:59க்கு, உங்கள் தடை முடிய ஒரு நிமிடம் இருக்க, பிஎஸ்எல்வி சி61 எழுந்தது. அன்று எங்களில் எவருக்கும் ரொக்கெட் பார்க்கிற மனம் இல்லை. போரின் முடிவில் இறந்தவர்களை நினைத்துக் கஞ்சி காய்ச்சுகிற நாள், முள்ளிவாய்க்காலுக்கு நடக்கிற நாள். அந்த ரொக்கெட் மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்து தோற்றுப்போனது என்பதைப் பிறகு செய்தியில்தான் பார்த்தோம். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பெடியன் கேட்டான்: "அப்ப அது எங்க மிஸ் விழுந்தது? எங்கட கடலிலயோ?" அவனுடைய தகப்பன் கடலுக்குப் போகிறவர். நியாயமான கேள்வி. கழலும் பாகங்கள் எந்தப் பரப்பில் விழும் என்று ஒவ்வோர் ஏவுதலுக்கு முன்பும் கடலோடிகளுக்கு எச்சரிக்கை விடுவது உலக நடைமுறை. எங்களையும் உள்ளடக்கிய கடற்பரப்புக்கு அந்த எச்சரிக்கைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்தியாவிடம் இருக்கிறது. அது ஆங்கிலத்தில் வருகிறது. எங்கள் மீன்வாடிகளில் அதைத் தமிழில் ஒட்டி நான் ஒருநாளும் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிஎஸ்எல்வியின் இரண்டாம், நாலாம் கட்டங்களில் நிரப்பப்படும் திரவங்கள் கடும் நஞ்சு. மாரி காலத்தில் வாடைக்காற்றோடு எங்கள் கரைக்கு என்னென்னவோ ஒதுங்குகிறது. மினுங்கும் தகடு ஒன்று ஒதுங்கினால் எங்கள் சனம் அதைப் பழைய இரும்புக்குப் போடப் பார்க்கும், வறுமை அப்படி. கரையில் ஒதுங்கும் உலோகப் பாகத்தைத் தொடாதீர்கள், இன்ன இலக்கத்துக்கு அறிவியுங்கள் என்று ஒரு பலகை வைத்திருந்தால் நான் உங்களுக்கு நன்றி எழுதியிருப்பேன். நிற்காதே என்று சொல்ல மட்டும் பலகை இருக்கிறது.

உங்கள் பக்க நியாயங்களையும் கேட்டேன். கடல்வழியாகக் கஞ்சா வருகிறது என்கிறீர்கள். உண்மை. அது எங்கள் பிள்ளைகளைத்தான் முதலில் அழிக்கிறது, அதைப் பிடிக்க நீங்கள் விடிய விடிய நில்லுங்கள், நாங்களும் தகவல் தருவோம். ஆனால் கஞ்சா இறக்க வருபவன் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு, வகுப்பாசிரியையோடு, கதிரை தூக்கிக்கொண்டு வருவதில்லை. சனம் நிற்கும் கரை அவனுக்கு உதவாது. கடலில் மூழ்கிச் சாகிறார்கள் என்கிறீர்கள். அதுவும் உண்மை, ஆனால் அந்தச் சாவுகள் பெரும்பாலும் பட்டப்பகலில், குளிக்கப் போன இடத்தில் நடக்கின்றன. நாங்கள் தண்ணீரில் கால் வைப்பதில்லை, வானத்தைப் பார்க்கிறோம்.

யூட்டியூப்பில் நேரலை வருகிறதே, வீட்டில் இருந்து பார்க்கலாமே என்றும் ஒருவர் சொன்னார். பார்க்கிறோம். ஏவுதளத்தில் புகை கிளம்புவது அதில் நன்றாகத் தெரியும். ஒரு நிமிடத்துக்குப் பிறகு திரையில் இருப்பது பச்சைக்கோடும் சிவப்புக்கோடும்தான். அந்தக் கோட்டில் பிள்ளை முட்டியால் எதை அளக்கும்?

இன்னொரு பணிமனையில் 14 நாட்களுக்கு முன்பே சரியான திகதியும் நேரமும் எழுதி விண்ணப்பித்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள். இது முடியாது என்று சொல்வதற்கான இன்னொரு வழி. ஏவுகிறவர்களுக்கே சரியான நேரம் கடைசி மணித்தியாலம் வரை தெரியாது. 2024 டிசம்பர் 4 போகவேண்டிய பிஎஸ்எல்வி சி59, ஏவுவதற்குச் சற்று முன் பழுது கண்டு, அடுத்த நாள் மாலை 4:04க்குத்தான் போனது. இரவு ஏவுதல் ஒன்று இப்படிப் பின்போனால், பழைய திகதிக்கு நீங்கள் தரும் அனுமதிக் கடிதத்தை வைத்து நான் என்ன செய்வது?

கடற்கரையில் கூட்டத்தைக் கையாள உங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்க முல்லைத்தீவுக் கரைக்கு வருகிற சனத்தை ஆண்டுதோறும் ஒழுங்காக நடத்துகிறீர்கள். தண்ணீர், வெளிச்சம், அம்புலன்ஸ் எல்லாம் வருகிறது. எங்களுக்கு அவ்வளவும் வேண்டாம். வெளிச்சத்தை நிற்பாட்டினாலே போதும்.

ஆம், அந்த வெளிச்சம். கடலைப் பார்த்தபடி நீங்கள் நட்டிருக்கும் உயர்கம்ப விளக்கைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பக்கத்தில் ஊர்ப் பெயரை இதயக்குறியோடு எழுதிய செல்ஃபிப் பலகை, அதற்கும் தனியாக நாலு விளக்கு. பகலில் ஒருவரும் நிழலுக்கு ஒதுங்க ஒரு கொட்டில் இல்லை, அது வேறு கதை. அந்தக் கம்பத்தின் அடியில் ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரு ஆமைப்பூட்டு, பூட்டில் துரு. திறப்பு யாரிடம் என்று கேட்டு நான் அலைந்ததை எழுதினால் இன்னொரு மடலாகிவிடும். அடிவானத்தில் ஒரு சின்னப் புள்ளியைத் தேடும் கண்ணுக்கு நேரே அந்த வெளிச்சம் அடித்தால் முதல் ஒரு நிமிடக் காட்சி போய்விடும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலேயே 2019இலிருந்து பொதுமக்கள் இருந்து பார்க்க அரங்கு கட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் பதிவு செய்துகொண்டு போய்ப் பார்க்கிறார்கள். அதற்குக் கிட்ட உள்ள பழவேற்காட்டுக் கரையிலும் சனம் நின்று பார்க்கிறது. ஏவும் நாளில் கடலுக்குப் போகவேண்டாம் என்று அங்குள்ள மீனவருக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சாசில் பொக்கா சிக்கா என்ற பொதுக் கடற்கரை இருக்கிறது. ஸ்பேஸ்எக்ஸ் ஏவுதளம் அந்தக் கரையை ஒட்டியே நிற்கிறது. அங்கே ஏவும் வேளையில் கரையை மூடுகிறார்கள், மூடத்தான் வேண்டும். அப்படி மூடும்போதும் எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று முன்பே அறிவிக்கிறார்கள். ரொக்கெட் நிற்கும் இடத்துக் கரைக்கே அவ்வளவு கணக்கு இருக்கிறது. 500 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள எங்கள் கரைக்குக் காலவரையில்லாத பூட்டு.

இது முல்லைத்தீவோடு முடிகிற விடயமுமில்லை. வன்னிக்கு இரண்டு பக்கமும் கடல். தூத்துக்குடிப் பக்கம் குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அடிக்கல் நாட்டினார்கள். எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ரொக்கெட்டுக்காக. 34 மீற்றர் உயரம், 120 தொன் எடை. அங்கிருந்து தெற்கே நேராகப் போகலாம், இலங்கையைச் சுற்றும் வளைவு தேவையில்லை. அதற்காகவே அந்த இடத்தைத் தெரிவு செய்தார்கள். மன்னார் மாவட்டத்தின் அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான். எழுந்து அரை நிமிடத்துக்கெல்லாம் மேற்கு அடிவானத்தில் தெரியத் தொடங்கிவிடும். நாளைக்கு அந்தக் கரைப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள், அந்தக் கடலில் எங்கள் தொழிலாளர்களும் நிற்பார்கள். அங்கேயும் ஒரு சங்கிலியும் பெயரில்லாத பலகையும் வருமுன் இதைக் கதைத்து முடிக்க வேண்டும்.

இனி, எனக்கு வேண்டியவை.

முதலில், இந்தத் தடையை விதித்தவர் யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ், எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுத்தில் தாருங்கள். தமிழில் தாருங்கள். தகவலறியும் உரிமைக்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி விண்ணப்பித்தால் 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெரியும். விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்குக் கொடுப்பது என்பதை மட்டும் பலகை சொல்லவில்லை. அப்படி ஒரு சட்ட அடிப்படை இல்லையென்றால் பலகையையும் சங்கிலியையும் எடுத்துவிடுங்கள்.

அடிப்படை இருக்கிறது, எடுக்க முடியாது என்றால், ஏவுதல் நடக்கும் இரவுகளிலும் விடியற்காலைகளிலும் ஏவும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்து அரை மணித்தியாலம் பின்பு வரை கரையைத் திறந்துவிடுங்கள். நேரம் பின்போனால் அனுமதியும் கூடவே பின்போக வேண்டும், புது விண்ணப்பம் கேட்கக்கூடாது. பாடசாலை, பெற்றோர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் எதுவானாலும் ஒரு கடிதத்தோடு வந்தால் போதும் என்று வையுங்கள். பாதுகாப்புக்கு ஆள் நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அந்த நேரத்துக்கு உயர்கம்ப விளக்கையும் செல்ஃபிப் பலகை விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். பெட்டியின் திறப்பில் ஒன்றைக் கிராம அலுவலரிடம் கொடுத்து வைத்தால் உங்களுக்கும் அலைச்சல் இல்லை.

ஏவுதல் அறிவித்ததும் அந்தத் திகதியையும், கடலில் விலகி நிற்கவேண்டிய பரப்பையும் தமிழில் எழுதிக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் கொடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நான் சும்மா செய்து தருகிறேன். வானத்தில் வெளிச்சத்தைக் கண்டு இனி எங்கள் சனத்தில் ஒருவரும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது. ஒதுங்கும் பாகங்களைத் தொடக்கூடாது என்ற பலகையை முல்லைத்தீவுக் கரையிலும் மன்னார்க் கரையிலும் மாரிக்கு முன் வையுங்கள்.

கடைசியாக, டிசம்பர் 30 இரவு எழுதிய அந்தக் கொப்பி. அதில் உள்ள பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும் யாரிடம் இருக்கின்றன, எதற்காக எழுதப்பட்டன என்பதைச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை அழித்துவிட்டோம், கடற்கரைக்கு வந்ததற்காக எவர் மீதும் எந்தக் கோவையும் இல்லை என்று ஒரு கடிதம் தாருங்கள். கடிதத்தில் ஒப்பமும் பதவி முத்திரையும் இருக்கவேண்டும். அதைப் பிரதி எடுத்து அந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
கரையோரக் கிராமமொன்றின் விஞ்ஞான ஆசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்